பிள்ளைகளுக்கு மேனட்டி (ஆற்றிலும் கடலிலும் புல் மேயும் பெரிய பாலூட்டி) காட்டிய அனுபவம் உண்டா? இங்கே எழுதுங்கள்

ஆர்லாண்டோ அம்மா:
ப்ளோரிடாவில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு ப்ளூ ஸ்பிரிங் ஸ்டேட் பார்க்குக்குத்தான். குளிர்காலத்தில் செயின்ட் ஜான்ஸ் ஆறு சில்லிட்டுப் போனதும் மேனட்டிகள் கூட்டமாக இந்த ஊற்றில் வந்து ஒதுங்கும். ஊற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க 22 டிகிரி. 20-க்குக் கீழே போனால் அவற்றால் தாங்க முடியாது. ஆள்தான் அரை டன், உடம்பில் கொழுப்பு ரொம்பக் கம்மி. அதனால் எவ்வளவு குளிரோ அவ்வளவு கூட்டம். நல்ல குளிர்நாளாகப் பார்த்து, கேட் திறக்கும்போதே போய்விடுங்கள். பார்க்கிங் நிறைந்துவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்.

மரநடைபாதையில் நின்றபடியே பார்க்கலாம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. "அம்மா, பாறை நகருது!" என்றாள் சின்னவள். பாறை மெதுவாக மேலே வந்து, மூக்கை மட்டும் நீட்டி 'புஸ்' என்று மூச்சு விட்டது. உடனே இரண்டு துவாரத்தையும் மூடிக்கொண்டு கீழே போய்விட்டது. ஓய்வில் இருந்தால் 20 நிமிடம்கூட மூச்சடக்கும் என்றதும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். துடுப்பில் நகம் இருப்பதைக் காட்டி, யானைக்கு உறவு என்று சொன்னேன். பெரியவன் நம்பவில்லை. குட்டி, தாயின் துடுப்புக்குப் பின்னால், நமக்கு அக்குள் இருக்கிற இடத்தில், வாய் வைத்துப் பால் குடித்ததைப் பார்த்த பிறகு யானை விஷயத்தை மறந்தே போனான்.

முதுகில் வரிவரியாகக் கிடந்த தழும்புகள் என்ன என்று கேட்டார்கள். படகின் விசிறி வெட்டியது என்று மறைக்காமல் சொன்னேன். அந்தத் தழும்புகளை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். 2021-இல் கடற்புல் அழிந்து பட்டினியால் ஏராளமாகச் செத்ததை மட்டும் பெரியவனிடம் தனியாகச் சொன்னேன்.

டாம்பா அப்பா:
கிரிஸ்டல் ரிவரில் மேனட்டியோடு சேர்ந்து நீந்தவே விடுகிறார்கள். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன். மிதந்தபடி அசையாமல் பார்க்கவேண்டும், காலை உதைத்தால் சேறு கலங்கிவிடும், துரத்தக்கூடாது. ஆறு வயதுக்காரன் இதையெல்லாம் கேட்பானா? பக்கத்தில் ஹோமோசாசா ஸ்பிரிங்ஸில் தண்ணீருக்கடியில் கண்ணாடி அறை இருக்கிறது. எங்கள் வீட்டு வாண்டுகளுக்கு அதுதான் சரிப்பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மேனட்டி இலையைப் போட்டு மென்றுகொண்டே இருந்தது. தேய்ந்த பல் முன்னால் விழ விழ, பின்னாலிருந்து புதுப் பல் நகர்ந்து வருமாம். இதைச் சொன்னதிலிருந்து, பல் விழும் வயதில் இருக்கும் என் மகனுக்கு மேனட்டி மேல் ஒரே பொறாமை.

பட்டுக்கோட்டைக்காரன்:
நம்ம பக்கம் மேனட்டி கிடையாது. அதன் உறவான ஆவுளியா, அதாவது கடற்பசு, பாக் நீரிணையில் இருக்கிறது. இதற்கு வால் டால்பின் மாதிரி பிளந்திருக்கும், மேனட்டிக்கு உருண்டைத் துடுப்பு வால். ஆவுளியா ஆற்றுப் பக்கமே வராது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் இதுதான் முதல். ப்ளோரிடா மாதிரி கரையில் நின்று பார்ப்பதெல்லாம் இங்கே நடக்காது, கலங்கல் தண்ணீர். பிள்ளைகளைக் கூட்டிவந்தால் மீனவர்களோடு பேச விடுங்கள். வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாயாலேயே கேட்கட்டும்.