கிராப்பிக்குப் பல ராட் ட்ரோலிங்: தொடங்கியவர்களின் அனுபவங்கள்

மார்ச் மாதத்தில் மிசிசிப்பியின் கிரெனடா ஏரிப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. படகின் முன்முனையில் இருவர் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் 14 அடி, 16 அடி நீளத் தூண்டில் ராடுகள் விசிறி மடல்கள் போல விரிந்து நிற்கும். படகு நகர்கிறதா, நிற்கிறதா என்று கரையிலிருந்து பார்ப்பவரால் சொல்ல முடியாது. படகை மெல்ல நகர்த்தியபடி பல ராடுகளால் கிராப்பி என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கும் இந்த ட்ரோலிங் முறையைத்தான் இங்கே ஸ்பைடர் ரிக்கிங் என்கிறார்கள். மெம்பிஸில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கிரெனடா ஒன்றரை மணி நேரப் பயணம் என்பதால் பலர் என்னிடம் விசாரிக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, எத்தனை ராட் வாங்க வேண்டும் என்பதைத்தான். என்னைக் கேட்டால், கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அந்த ஏரியிலேயே முடி நரைத்த ஒரு பெரியவர். முதல் நாள் என் முன்னால் இரண்டே ராடுகளை வைத்தார். அவற்றையும் தொடவிடவில்லை. "திரையைப் பார். வேகம் மணிக்கு 0.5 மைலைத் தாண்டினால் சொல்" என்றார். காலை முழுவதும் எனக்கு அந்த ஒரே வேலைதான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

கிராப்பியின் கண்கள் தலையில் மேலே தள்ளி அமைந்தவை. தனக்கு மேலே போகும் இரையை அது பார்த்துவிடும். கீழே போவதை அனேகமாகக் கண்டுகொள்ளாது. நீருக்கடியில் மீனைக் காட்டும் சோனார் திரையில் மீன் 8 அடியில் தெரிந்தால், இரை 7 அடியில் போக வேண்டும். படகு வேகமெடுத்தால் தூண்டில் நரம்பு சாய்ந்து இரை மேலேறும். தளர்ந்தால் கீழே இறங்கும். ஆகவே வேகத்தைப் பிடித்து வைத்திருப்பவன்தான் ஆழத்தைப் பிடித்து வைத்திருக்கிறான். இது கைவராமல் எட்டு ராடு போட்டால் எட்டும் எட்டு ஆழத்தில் போகும். பிறகு சிக்கலைப் பிரிக்கவே பொழுது சரியாகிவிடும்.

ஆழத்தை அளக்க ஓர் எளிய வழி: ராடை நிமிர்த்திப் பிடித்து, தூண்டில் முள், நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைத் தொடும்வரை நரம்பை விடுங்கள். ஏறத்தாழ ராடின் நீளத்துக்கு நரம்பு வெளியே வந்திருக்கும். தேவைக்கேற்ப அங்கிருந்து சுற்றிக் குறைத்துக்கொள்ளலாம். நரம்பு நேராக இறங்க அரை அவுன்ஸ் ஈயம் போதும். இரண்டு முள், நடுவில் ஈயம் என்று கட்டும் முறை ஒன்று உண்டு. டென்னஸியின் ரீல்ஃபுட் ஏரிக்காரர்களான ரோனி கேப்ஸ், ஸ்டீவ் கோல்மன் இருவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். முள்ளில் இரையாக மின்னோ என்னும் உயிருள்ள சிறு மீன்.

மீன் கடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராடின் நுனி விசுக்கென்று கீழே வளையும் என்று காத்திருப்போம். பல சமயம் நேர்மாறாக நடக்கும். ஈயத்தின் கனத்தில் லேசாக வளைந்திருக்கும் நுனி மெல்ல நிமிரும், நரம்பு தொய்யும். இரையைக் கவ்விய மீன் ஈயத்தையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது என்று அர்த்தம். புதியவர் கண்ணில் இது படுவதே இல்லை. பட்டாலும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கிராப்பியின் வாய் காகிதம்போல் மெல்லியது, கிழிந்துவிடும். ராடை நிதானமாக உயர்த்தி, நீளக் கைப்பிடி உள்ள கைவலையைக் கீழே கொடுத்து ஏந்த வேண்டும். மற்ற ராடுகளை அந்த நேரத்தில் மறந்துவிடுங்கள்.

*

மேலே எழுதியவர் சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து காற்று தள்ளும் நாளில் படகை மெல்ல நகர்த்தும் ட்ரோலிங் மோட்டாரால் மட்டும் அரை மைல் வேகத்தில் படகை நிறுத்திவைக்க முடியாது. பின்பக்கத்திலிருந்து கனமான இரும்புச் சங்கிலியை நீருக்குள் தொங்கவிட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், வேலை செய்கிறது.

எனக்கு இரையைப் படகின் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போவதைவிடப் பின்பக்கம் விட்டு இழுப்பதுதான் பிடித்திருக்கிறது. எடை குறைந்த ஜிக்குகளை, அதாவது முள்ளோடு சேர்ந்த செயற்கை இரைகளை, தூர எறிந்து, மணிக்கு ஒரு மைல் அளவில் இழுத்துப் போவேன். ஈயமும் மின்னோவும் வேண்டாம். இதில் ஒரு வசதி: படகு வளையும்போது உள்பக்க ஜிக்குகள் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத்தவை வேகமெடுத்து உயரும். வளைவில் எந்தப் பக்கம் கடிக்கிறது என்று கவனித்தால், மீன் என்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். வெளிப்பக்கமே தொடர்ந்து கடித்தால் நான் வேகத்தைச் சற்றுக் கூட்டிவிடுவேன். அடிமரக்கட்டைகள் நிறைந்த இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். முன்பக்கம் தள்ளும்போது முள் மாட்டினால் மோட்டாரைப் பின்னுக்கு எடுத்து விடுவித்துவிடலாம். பின்னால் இழுக்கும்போது மாட்டினால் ஜிக்குகளின் கதை முடிந்தது.

*

புதியவர்கள் கிளம்புவதற்கு முன் ஏரியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். கிரெனடா வெள்ளத் தடுப்புக்காகக் கட்டியது. ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருக்கிறது. குளிர்காலத்தில் நீரை வடித்துவிட்டு வசந்தத்தில் நிரப்புவார்கள். இரண்டு மட்டங்களுக்கும் 20 அடிக்கு மேல் வித்தியாசம். போன மாதம் மீன் பிடித்த இடம் இந்த மாதம் வேறு ஏரியாக இருக்கும். நீர் ஏறிப் புதர்களுக்குள் புகுந்தால் மீனும் பின்னாலேயே போய்விடும். புதருக்குள் இத்தனை நீள ராடுகளை விரிக்க முடியாது. அந்த நாட்களில் ஒற்றை ராடுதான். ஒருவர் எத்தனை ராடு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, ஏரிக்கு ஏரி மாறும். உரிமம் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். 12 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியைக் கிரெனடாவில் திருப்பி விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் குழம்பில் போட வேண்டாம், சதை மிருதுவானது, கரைந்துபோகும். முள் நீக்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி, மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்துவிடுங்கள்.