சிகாகோவில் ‘ஒப்பந்த’ முறையில் வாங்கிய வீடு: நண்பரிடம் மேற்கொண்டு கேட்கலாமா?

கேள்வி: மேற்குப்புறவாசி
சிகாகோவில் என்னுடன் பணிபுரியும் கறுப்பினப் பெரியவர் ஒருவர், வீட்டு விலைகளைப் பற்றிய பேச்சு வந்தபோது, தம் தந்தையார் 1950களின் இறுதியில் நார்த் லாண்டேலில் ‘ஒப்பந்த’ முறையில் வீடு வாங்கி, பல ஆண்டுகள் பணம் கட்டியபின், ஒரு மாதத் தவணை தவறியதற்காகக் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டதாகச் சொன்னார். கட்டியதில் ஒரு காசும் திரும்பவில்லையாம். வங்கிக் கடனில் வீடு வாங்கிய எனக்கு, சட்டம் இதை எப்படி அனுமதித்தது என்பது விளங்கவில்லை. அவரிடம் மேலும் கேட்பது முறையா என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: பழைய சிகாகோக்காரன்
அந்தப் பகுதியில் ஏராளமான குடும்பங்களுக்கு நேர்ந்த கதை அது. 1934இல் தொடங்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது, வங்கிகளும் கைவிரித்தன. கறுப்பினத்தவர் குடிவரப்போகிறார்கள் என்று தரகர்கள் கிளப்பிய பீதியில் வெள்ளையர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்ட வீடுகளை ஊகவணிகர்கள் வாங்கி, பல நேரங்களில் இரு மடங்கு விலை வைத்துக் கறுப்பினக் குடும்பங்களுக்குத் தவணையில் விற்றார்கள். கடைசித் தவணை கட்டி முடியும்வரை பத்திரம் விற்றவர் கையிலேயே இருக்கும். கூரை ஒழுகினால் செலவு வாங்கியவருடையது. தவணை தவறினால் வீடு விற்றவருடையது! பிறகு அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு விற்கப்படும். இம்முறையால் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள் இழந்தது 300 முதல் 400 கோடி டாலர் வரை இருக்கும் என்று 2019இல் டியூக் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. 1968இல் லாண்டேல்வாசிகள் சங்கம் அமைத்து, தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். நீதிமன்றத்தில் தோற்றாலும், நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வைத்தார்கள்.

பதில்: கணக்கர்
வருந்தத்தக்க வரலாறுதான். இருப்பினும், நாமும் இந்நாட்டுக்கு வெறுங்கையோடு வந்து உழைத்துத்தான் வீடு வாங்கினோம். பணியிடத்தில் இனத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பதில்: லேக் வியூ வாசகி
கணக்கர் ஐயா, தங்கள் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம்மவர் பெருமளவில் இங்கு வர வழி திறந்தது 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம்; இனத்தைக் காரணம் காட்டி நமக்கு வீடு மறுக்க முடியாமல் செய்தது 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் அது கையெழுத்தானது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் இதே லாண்டேலில் குடியேறி, வீட்டுப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் சென்றபோது, நகரின் தென்மேற்குப் பகுதியில் கல்லடி பட்டார். அந்தச் சட்டத்துக்குப் பின்னால் லாண்டேல் மக்களின் பட்டறிவும் இருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு: பேச்சை அவரே தொடங்கியிருக்கிறார் என்பதால், தனிமையில், அவருக்கு நேரம் இருக்கும்போது கேட்பதில் தவறில்லை. நம் ஊர்க் கதையை ஒப்பிட்டுச் சொல்லும் ஆசையை மட்டும் சற்று அடக்கிக்கொள்ளுங்கள் (நம்மவர் கூட்டங்களில் நான் அடிக்கடி காணும் பழக்கம் இது). தந்தையாரின் தவணை ரசீதுகள் ஏதேனும் வீட்டில் எஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிவு செய்யப்படவில்லை. ஆகவே, மாவட்டப் பத்திரப்பதிவில் தேடினால் விற்றவரின் பெயர்தான் கிடைக்கும்.