மகளுக்கு 10 வயசானால் வாடகை உதவி கூடுமா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். லண்டன் ஹரோவில் இரண்டு படுக்கையறை உள்ள தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். கடையில் என் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், யூனிவேர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவிப் பணம்) வருகிறது, ஆனால் வாடகைக்கு இரண்டு அறைக்கான எல்எச்ஏ வரம்பு (தனியார் வீட்டு வாடகைக்குத் தருகிற உதவியின் உச்ச அளவு) வரைக்கும்தான் தருகிறார்கள், மிச்சம் சாப்பாட்டுக் காசில் இருந்துதான் போகிறது.

மகனுக்கு 7 வயசு, மகளுக்கு வரும் மாதம் 10 ஆகிறது. பிள்ளை குளியலறைக்குள் போய்த்தான் உடுப்பு மாற்றுகிறாள். 10 வயசுக்குக் கீழே ஆணும் பெண்ணும் ஒரே அறை என்று கணக்குப் பார்ப்பார்கள், 10 ஆனால் தனி அறை. அப்படியென்றால் இதே வீட்டில் இருந்தாலும் மூன்று அறைக்கான வரம்பு வரைக்கும், கட்டுகிற வாடகைக்கு மேல் போகாமல், கிடைக்க வேண்டும். இது தானாக மாறுமா, இல்லை ஜேர்னலில் (யூனிவேர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் செய்தி எழுதுகிற இடம்) எழுதிப் போட வேண்டுமா? யாருக்காவது மாறியிருந்தால் சொல்லுங்கோ.

இன்னொன்று, வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டியதை வாயால்தான் சொன்னார். கடிதம் கேட்டால் பிறகு பார்ப்போம் என்று இழுக்கிறார். கூடின வாடகைக்கு ஆதாரமாக பாங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் காட்டினால் யூனிவேர்சல் கிரெடிட்டில் ஏற்பார்களா? கவுன்சிலில் (உள்ளூராட்சி மன்றத்தில்) வேறு உதவி எடுத்தவர்களும் தயவுசெய்து எழுதுங்கோ, அவசரம்.