அப்பாவுக்கு எண்பது (குடும்பக் குழு)

விஜி: வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாரும் திருக்கடையூர் மண்டபத்தில்தான் தங்குகிறோம். சாப்பிட்ட பிறகு ஒரு படம் போடச் சொல்கிறார் அப்பா, சிரிப்புப் படமாம். புரொஜக்டர்காரரிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும்

குமார்: கலகலப்பு 2

அபி: சூப்பர் சின்ன மாமா

ரவி: குமார், அது வேண்டாம், 2012இல் வந்த முதல் படத்தைப் போடுவோம். அம்மாவோடு கும்பகோணத்தில் எல்லாரும் போய்ப் பார்த்தோமே. கதையும் கும்பகோணம்தான். மசாலா கஃபே என்று தாத்தா காலத்து ஹோட்டல், யாருமே சாப்பிட வராத கடை, அதை எப்படியாவது நிமிர்த்த வேண்டும் என்று விமல் படுகிற பாட்டில்தான் நமக்குச் சிரிப்பே வருகிறது. 2018இல் வந்த இரண்டாவது படத்தில் ஹோட்டலுக்குப் பதில் காசியில் ஒரு பழைய மேன்ஷன், விமலுக்குப் பதில் ஜெய், ஜீவா, அப்புறம் சிவா மட்டும் மறுபடி. முதல் படத்தில் செல்போனுக்குள் ஒளித்த வைரம், இரண்டாவதில் ரகசியம் உள்ள லேப்டாப். கடைசியில் இரண்டிலும் எல்லாரும் எல்லாரையும் துரத்துவார்கள். சுந்தர் சி.யைக் குறை சொல்லவில்லை, உள்ளத்தை அள்ளித்தா எடுத்தவர் அவர். ஆனால் அந்த மேன்ஷன் போனால் யாருக்கு என்ன கஷ்டம் என்று நமக்குத் தோன்றவே இல்லையே

கார்த்தி: அப்பா, இவ்வளவு நீளமா

விஜி: காலை டிபன் எத்தனை பேருக்கு? சமையல்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்

அபி: முதல் படத்தில் எனக்கு வெட்டுப்புலியாக வரும் சந்தானம் மட்டும்தான் ஞாபகம்

ரவி: அதைத்தான் சொல்கிறேன் அபி! சந்தானம் வந்ததும் படமே வேறாகிவிடும். இரண்டாவதில் அவர் இல்லை. யோகி பாபு, ரோபோ சங்கர், விடிவி கணேஷ் என்று நல்ல நல்ல ஆட்களைச் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அவர்கள் செய்வதற்குப் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. பந்தி நிறைய ஆள், இலையில் சோறு இல்லை

விஜி: சோறு என்றதும் கேட்கிறேன், டிபன் எத்தனை பேருக்கு

கார்த்தி: 60 அத்தை

குமார்: 75 சொல்லுங்கள் அக்கா. போன தடவை பத்தாமல் போனது யாருக்கும் மறந்திருக்காது

ரவி: முதல் படத்தில் மசாலா கஃபேயின் காலி மேசைகளைப் பார்த்து அப்பா அப்படிச் சிரித்தார். வீட்டுக்கு வந்து அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நம் கடையை மூடி அப்போது மூன்று வருஷம்

குமார்: கடையை நான் எடுத்து நடத்தவில்லை என்று மறுபடியும் ஆரம்பிக்கிறாய் அண்ணா

ரவி: நான் படத்தைப் பற்றித்தான் சொன்னேன்

விஜி: இரண்டு பேரும் நிறுத்துங்கள், அப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்

அபி: வேன் திருக்கடையூருக்கு நேராகப் போகுமா, மயிலாடுதுறையில் நிற்குமா? எனக்குப் பூ வாங்க வேண்டும்

குமார்: அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தனியாகப் போய்ப் பார்த்த படம் கலகலப்பு 2. வீட்டில் உட்கார முடியவில்லை. படித்துறையும் கங்கையும் வந்தபோது அழுதேன், நடுநடுவே சிரிக்கவும் செய்தேன். அப்புறம்தான் அஸ்தியோடு காசிக்குப் போனேன். புதிதாக ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும்

விஜி: தம்பி

ரவி: இதை நீ சொல்லவே இல்லையே

குமார்: யார் கேட்டீர்கள்

ரவி: சரி, உன் இஷ்டம். ஆனாலும் மாவு பழைய மாவுதான்டா, அதை மட்டும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்

கார்த்தி: முதல் படம் இடைவேளை வரை, இரண்டாவது காசி வருகிற இடம் மட்டும்?

அபி: அது எப்படி அண்ணா, கதையே புரியாது

கார்த்தி: ஒரே கதைதானே, அப்பா சொன்னபடி

விஜி: தாத்தா இப்போது வாய்ஸ் போட்டிருக்கிறார், கேளுங்கள். நாகேஷ் படம் வேண்டுமாம்

ரவி: எந்தப் படம்?

விஜி: அது சொல்லவில்லை. தூங்கப் போய்விட்டார், காலையில் கேட்கிறேன். டிபன் 70 என்று சொல்லிவிட்டேன்