வேர்க்கால்வாய்ச் சிகிச்சை: நோ நிண்ட பிறகும் செய்ய வேணுமா?

சுன்னாகம்_மதி:

அம்மாக்கு 58 வயசு, சலரோகம் இருக்கு. வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில பெரிய சூத்தை. பல் வைத்தியர் எக்ஸ்றே பாத்திட்டுத் துண்டில "46 – ஆர்.சி.ரி." எண்டு எழுதித் தந்தவர். 46 எண்டது அந்தப் பல்லின்ர நம்பர், ஆர்.சி.ரி. எண்டா வேர்க்கால்வாய்ச் சிகிச்சை. அதுக்கு முதல் கிழமை இரவில படுக்க விடாத நோ, சுடுதேத்தண்ணி பட்டா உயிர் போகும். பிறகு தானா நிண்டிட்டுது. இப்ப ஐஸ்தண்ணி பட்டாலும் தெரியேல்லையாம். கடிக்கேக்க மட்டும் நோ, பல்லு கொஞ்சம் உயர்ந்து நிக்கிற மாதிரி இருக்காம். நோ மாறிட்டுது தானே, அன்ரிபயோட்டிக் குடிச்சாக் காணும் எண்டு வீட்டில சொல்லினம். புடுங்கினாத்தான் நல்லம் எண்டும் சிலபேர் சொல்லினம். எது சரி? செய்யிறதெண்டா உள்ளுக்க என்ன செய்வினம்?

கோப்பாய்_பல்வைத்தியர்:

நீங்கள் எழுதின ஒழுங்கைப் பாத்தா அந்தப் பல்லின்ர நரம்பு செத்திட்டுது. நோ நிண்டது அதாலதான். இதை எல்லாரும் சுகம் வந்திட்டுது எண்டு எடுத்து விட்டிடினம், அதுதான் எனக்குக் கவலை.

பல்லுக்கு நடுவில கூழ் மாதிரி ஒரு தசை. நரம்பும் இரத்தக் குழாயும் அதுக்குள்ளதான். வேர் நுனியில இருக்கிற மெல்லிய துளையாலதான் இரத்தம் வந்து போகும். சூத்தை கிட்ட வரக் கூழ் வீங்கும், ஆனா சுத்திவர இறுக்கமான சுவர், வீங்க இடமில்லை. உள்ளுக்க அமுக்கம் ஏறும். படுத்தா தலைப்பக்கம் இரத்தம் கூடுறதால இரவில நோ இன்னும் கூடும்.

குளிர் பட்டுச் சுள்ளெண்டு, எடுத்த உடன அடங்கினா கூழ் தப்பும். சூத்தையைச் சுரண்டி அடைச்சாக் காணும், வேர்க்கால்வாய்ச் சிகிச்சை தேவையில்லை. குளிரை எடுத்து 30 செக்கனுக்குப் பிறகும் நோ இழுத்துக்கொண்டு நிண்டா, சூட்டுக்குக் கூடினா, ஒண்டும் படாமலே நொந்தா, எந்தப் பல்லெண்டு காட்ட ஏலாமல் காதுப்பக்கம் இழுத்தா, கூழ் திரும்பி வராது. பிறகு செத்திடும். செத்தாக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. உள்ளுக்க அழுகிறது வேர் நுனியால வெளிக்கிட்டு எலும்புப் பக்கம் போகும். அங்க பல்லைப் பிடிச்சிருக்கிற சவ்வு வீங்கும். அம்மாக்குப் பல்லு உயர்ந்த மாதிரித் தெரியிறது இதுதான். சிலருக்கு முரசில ஒரு பரு வந்து, சீழ் வடிஞ்சு, காய்ஞ்சு, திரும்ப வரும். நோ துப்பரவா இராது, எலும்பு மட்டும் கரைஞ்சுகொண்டு போகும்.

எக்ஸ்றேயில வேர் நுனியில கறுப்பு வட்டம் தெரிஞ்சா முடிவு சுகம். ஆனா தொடக்கத்தில தெரியாது, எலும்பின்ர சுண்ணாம்புச் சத்தில ஒரு நல்ல பங்கு கரைஞ்சாத்தான் படத்தில விழும். அதால படத்தோட குளிர்ச் சோதனையும், வாய்க்குள்ள பாக்கிற கண்ணாடியின்ர பிடியால பல்லைத் தட்டிப் பாக்கிறதும் வேணும். பக்கத்துப் பல்லையும் தட்டி ஒப்பிட வேணும்.

அன்ரிபயோட்டிக்: செத்த கூழுக்கு இரத்தம் போறேல்லை, இரத்தம் போகாத இடத்துக்குக் குளிசையும் போகாது. முகம் வீங்கினா, காய்ச்சல் வந்தா அதுக்கு இடமிருக்கு. அப்பவும் உள்ளுக்க இருக்கிற அழுக்கு அப்பிடியேதான் கிடக்கும், மருந்து முடியத் திரும்ப வரும்.

நெல்லியடி_கிளினிக்:

செய்யிற முறையை நான் சொல்லுறன்.

விறைப்பூசி போட்டு, பல்லைச் சுத்தி ஒரு றப்பர் தாள் கட்டுவினம். எச்சில் உள்ளுக்க போகாது, கழுவுற மருந்து தொண்டைக்குப் போகாது, சின்ன ஆயுதம் வாய்க்குள்ள விழாது. அது கட்டுவினமோ எண்டு கேளுங்கோ, கேக்கிறதில பிழையில்லை. பிறகு மேலால துளை போட்டு வேர்க்கால்வாய்களைத் தேடுவினம். 46ஆம் பல்லுக்கு வழமையா முன் வேரில இரண்டு, பின் வேரில ஒண்டு. பின் வேரிலயும் இரண்டு இருக்கிற ஆக்கள் குறைவில்லை. ஒண்டைத் தவறவிட்டா மற்றதெல்லாம் வடிவாச் செய்தாலும் திரும்பச் சீழ் கட்டும். மேல் முதல் கடைவாய்ப்பல்லில நாலாவது கால்வாய் இன்னும் மறைவா இருக்கும், அங்கதான் கனக்கத் தவறும்.

அடுத்தது நீளம். மின்னால அளக்கிற கருவியும் எக்ஸ்றேயும் வைச்சு, படத்தில தெரியிற வேர் நுனிக்கு 0.5 முதல் 1 மில்லிமீற்றர் முன்னால நிப்பாட்டுவினம். கட்டையா நிண்டா கிருமி மிஞ்சும், நுனி தாண்டினா எலும்பைக் குத்தி நோகும். அரத்தைப் போல மெல்லிய கம்பி, 10ஆம், 15ஆம் நம்பரில தொடங்கிப் படிப்படியாப் பெருப்பிப்பினம். ஆனா கம்பி வழியைத்தான் வெட்டும். கிருமியைக் கொல்லுறது சோடியம் ஹைப்போகுளோரைட் எண்ட கழுவுற மருந்து. ஒவ்வொரு கம்பிக்கும் இடையில அதால கழுவ வேணும், ஊசியை இறுக்காமல் மெதுவா. கடைசியில 17 வீத ஈ.டி.ரி.ஏ. எண்ட திரவம் விட்டுச் சுவரில ஒட்டின படையை எடுப்பினம்.

சீழ் இருந்த பல்லுக்குக் கனபேர் கல்சியம் ஐதரொட்சைட் பசை வைச்சு, தற்காலிகமா அடைச்சு, ஒண்டு இரண்டு கிழமை கழிச்சு வரச் சொல்லுவினம். நிரந்தர அடைப்புக்குக் கட்டபேர்ச்சா எண்ட றப்பர்க் குச்சியும் ஒட்டுப் பசையும். அண்டைக்கு ஒரு எக்ஸ்றே கட்டாயம்: எல்லாக் கால்வாயும் நுனி வரைக்கும் இடைவெளியில்லாமல் நிரம்பியிருக்கோ எண்டு பாக்க.

இரண்டு மூண்டு நாள் கடிக்க நோகும், அது இயல்பு. நாளுக்கு நாள் கூடினா, வீங்கினா உடன போகவேணும். அடைப்பு உயரமா இருந்து முதல்ல அந்தப் பல்லில கடி விழுந்தாலும் நோகும், இரண்டு நிமிசத்தில தேய்ச்சுச் சரிப்படுத்தலாம்.

சுன்னாகம்_மதி:

நன்றி. அப்ப ஏன் சிலபேர் புடுங்கச் சொல்லினம்? சலரோகம் எண்டபடியா?

கோப்பாய்_பல்வைத்தியர்:

சலரோகம் தடையில்லை. சீனி கட்டுப்பாட்டில இல்லாட்டி ஆற நாள் எடுக்கும், அவ்வளவுதான். புடுங்கின குழியும் அதே உடம்பிலதான் ஆறவேணும். காலமையில நேரம் எடுங்கோ. சாப்பாடும் சலரோகக் குளிசையும் வழமைப்படி. வெறும் வயித்தில குளிசை போட்டிட்டு வந்தா, கீழ்த்தாடை இரண்டு மூண்டு மணித்தியாலம் விறைச்சுக் கிடக்கும், சாப்பிட ஏலாமல் சீனி இறங்கும்.

புடுங்க வேண்டிய பல்லு வேற. வேர் நெடுகலா வெடிச்சிருந்தா, முரசு நோயால எலும்பு கரைஞ்சு பல்லு ஆடினா, முரசுக்கு மேல சுத்திவர 2 மில்லிமீற்றர் நல்ல பல்லுக்கூட மிஞ்சாட்டி, வேர்க்கால்வாய்ச் சிகிச்சை செய்து பிரியோசனம் குறைவு. இந்த மூண்டையும் அம்மான்ர வைத்தியரிட்ட நேர கேளுங்கோ. மூண்டும் இல்லையெண்டா 46 காப்பாத்த வேண்டிய பல்லு, நல்லா அரைக்கிற பல்லு அது. புடுங்கினாப் பக்கத்துப் பல்லு அந்த இடத்துக்குச் சரியும், எதிர்ப்பல்லு இறங்கும்.

ஆனா அடைச்சதோட வேலை முடியேல்லை. இவ்வளவு பெரிய சூத்தை எண்டா சுவர் மெல்லிசு, கடிக்கப் பிளக்கும். நிரந்தர அடைப்புப் போட்டு மேல கிரவுண், அதாவது பல்லை மூடுற உறை, வைக்க வேணும். செலவைக் கேக்கேக்க கிரவுணையும் சேர்த்துக் கேளுங்கோ. நோ இல்லையெண்டு தற்காலிக அடைப்போட மாதக்கணக்கா விட்டா ஓரத்தால எச்சில் இறங்கி, கழுவின கால்வாய் திரும்ப அழுகும். கிரவுண் வைக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தால முறுக்கு, கச்சான், எலும்பு கடிக்க விடாதேங்கோ.

நெல்லியடி_கிளினிக்:

இடையில நோ வந்தா வயது வந்தவருக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு எட்டுக்கு மேல வேண்டாம். நிறை குறைஞ்ச ஆக்களுக்கும் ஈரல் வருத்தக்காரருக்கும் அதிலும் குறைவு. இபுபுரோபன் பல்லு நோவுக்கு நல்லாக் கேக்கும், ஆனா சலரோகத்தால சிறுநீரகம் பாதிச்சிருந்தாக் கூடாது, அம்மான்ர மருத்துவரைக் கேக்காமல் குடுக்க வேண்டாம். காய்ச்சலும் சேர்ந்து இருந்தா, அதுவும் மாரிகாலத்தில டெங்கு திரியிற நேரம், இபுபுரோபனும் அஸ்பிரினும் தொடவே வேண்டாம். அஸ்பிரினைப் பல்லடியில வைச்சா முரசு வெந்து வெள்ளையாகும். கராம்பு எண்ணெயை அளவில்லாமல் விட்டாலும் அதேதான்.

வீக்கம் கண்ணுப்பக்கம் ஏறினா, நாடிக்குக் கீழ கட்டியா இறங்கினா, வாய் திறக்கவோ விழுங்கவோ ஏலாட்டி, கிளினிக் நேரம் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. இரவெண்டாலும் நேர யாழ். போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கோ, மூச்சுப் பாதை அடைபடலாம்.