ஃபர்ஸ்ட் இயர் பசங்க சி ப்ரோக்ராம மனப்பாடம் பண்றத எப்படி நிறுத்தறது?

பாலக்கோடு_மிஸ்
எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல கெஸ்ட் லெக்சரர், ஃபர்ஸ்ட் இயருக்கு சிங்கற ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் எடுக்கறேன். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டின்னு சுத்துப்பட்டுல இருந்து பஸ் புடிச்சு வர்ற புள்ளைங்க, முக்காவாசி தமிழ் மீடியம், வீட்ல லேப்டாப் இருக்கறவங்க ரொம்ப கம்மி. லேப்ல ஃபேக்டோரியல், ஃபிபோனாச்சி, பாலிண்ட்ரோம் எல்லாம் கடகடன்னு அடிச்சு அவுட்புட்டும் காட்டிடறாங்க, ஆனா "1ல இருந்து 10 வரைக்கும் இரட்டைப்படை எண்ண மட்டும் கூட்டு"ன்னு கேட்டா அப்படியே முழிக்கறாங்க. ரெக்கார்ட் நோட்டுல இருக்கறத எழுத்து மாறாம ஒப்பிக்கறது, ஒருத்தன் சீனியரோட பேரு கமெண்ட்ல இருந்தத கூட சேத்து அடிச்சிருக்கான், சிரிக்கறதா அழறதான்னு தெரியல. யாராச்சும் இத சமாளிச்சிருந்தா சொல்லுங்க.

ஓசூர்_கோடர்
மேடம் முதல்ல அந்த சிய தூக்குங்க. 1972ல பொறந்த லாங்குவேஜ், மெமரி அட்ரஸ வச்சு வேலை செய்யற பாயிண்டர்லயே பாதி பேரு ஓடிடுவான். பைத்தான்ல ஒரே லைன்ல பிரிண்ட் பண்ணிட்டு போலாம்.

கிருஷ்ணகிரி_வாத்தி
தம்பி, சிலபஸ் மேடம் கையிலயா இருக்கு? அதுவும் இல்லாம ப்ளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ், ப்ளஸ் டூல பைத்தான்னு கம்ப்யூட்டர் சயின்ஸ் க்ரூப் எடுத்தவன் ரெண்டையும் பாத்துட்டுதான் வர்றான், அதையும் ஒப்பிச்சு மார்க் வாங்கிட்டுதான் வர்றான். லாங்குவேஜ மாத்தினா மனப்பாடம் பண்ற சரக்குதான் மாறும்.

மேடம், பசங்கள எழுத வைக்கறதுக்கு முன்னாடி படிக்க வைங்க. போர்டுல நாலே லைன்: ஏ = 5, பி = 7, அப்புறம் ஏ = பி, பி = ஏ. இப்போ ஏ எவ்ளோ பி எவ்ளோ, பேப்பர்ல எழுதுன்னு சொல்லுங்க. நெறைய பேரு 7, 5ன்னு எழுதுவான், ரெண்டுமே 7ன்னு ரன் பண்ணி காட்டறப்பதான் இடம் மாறிக்கலங்கறது உறைக்கும். கணக்குல இருக்கற சமக்குறியும் இதுவும் ஒண்ணுன்னுதான் அவன் நெனச்சுட்டு இருக்கான், எக்ஸ் = எக்ஸ் + 1ன்னு எழுதினா "சார் அது எப்படி சமமாகும்"னு கேக்கறவன் உங்க க்ளாஸ்ல இருந்தா அவன விட்டுடாதீங்க, யோசிக்கறவன் அவன்தான். லூப் (ஒரே வேலைய திரும்ப திரும்ப செய்யறது) வந்தா கட்டம் போட்டு ஒவ்வொரு சுத்துக்கும் ஐ எவ்ளோ, சம் எவ்ளோன்னு கையால நிரப்பணும், அது முடியாம கீபோர்ட தொட விடக்கூடாது. என் அனுபவத்துல முதல் ரெண்டு வாரம் இதுலயே போயிடும், போகட்டும்.

இன்னொண்ணு, உங்க லேப்ல டர்போ சிங்கற பழைய கம்பைலர் (சி ப்ரோக்ராம ஓட வைக்கற சாஃப்ட்வேர்) இருந்தா அந்த ஃபேக்டோரியலையே வச்சு மடக்கலாம். 8 குடுக்க சொல்லுங்க, 1ல இருந்து 8 வரைக்கும் பெருக்கி 40320 வரணும், இன்ட்னு (முழு எண்ண வைக்கற டைப்) போட்டிருந்தா -25216 வரும். ஏன்னா டர்போ சில இன்ட் 2 பைட்டு, 32767 தாண்டாது. இப்போ இருக்கற ஜிசிசி கம்பைலர்ல 12 வரைக்கும் ஒழுங்கா வரும், 13 குடுத்தா 622 கோடி சொச்சம் வரவேண்டிய இடத்துல 193 கோடின்னு கூசாம சொல்லும், மைனஸ் கூட இருக்காது. ஒப்பிச்சவன் ஒருத்தனாலயும் இதுக்கு காரணம் சொல்ல முடியாது.

பென்னாகரம்_பையன்
மிஸ், நானும் அந்த மாதிரி பேட்ச்ல படிச்சவன்தான், இப்போ பெங்களூர்ல டெஸ்டிங்ல இருக்கேன். "புரிஞ்சுதா"ன்னு கேட்டா நாங்க எல்லாரும் தலையாட்டுவோம், அத நம்பாதீங்க. எங்களுக்கு லாஜிக்க விட எரர் மெசேஜ்தான் பயம், இங்கிலீஷ்ல செவப்பா வந்தாலே ஏதோ உடைச்சிட்டோம்னு நெனச்சு மூடிடுவோம். நீங்களே வேணும்னு செமிகோலன எடுத்துட்டு ரன் பண்ணி காட்டுங்க, சில கம்பைலர்ல அது அடுத்த லைன் நம்பர ஏன் காட்டுதுன்னு சொல்லுங்க. டைப்பிங் ஸ்லோவா இருக்கறவங்களுக்கு ப்ரோக்ராம லைன் லைனா வெட்டி கலச்சு குடுத்து அடுக்க சொல்லலாம், பார்சன்ஸ் ப்ராப்ளம்னு பேரு, 2006ல நியூசிலாந்துல ஆரம்பிச்சது. அப்புறம் பைத்தான் டியூட்டர்னு ஒரு சைட், பேருதான் அப்படி, சியும் ஓடும், ஒவ்வொரு லைனுக்கும் மெமரில என்ன மாறுதுன்னு படமா காட்டும், மொபைல்ல கொஞ்சம் நெருக்கடியா தெரியும் ஆனா வேலை செய்யும்.

பாலக்கோடு_மிஸ்
ரொம்ப நன்றி சார், தம்பிக்கும். கட்டம் போடறத நாளைக்கே ஆரம்பிக்கறேன். ஆனா ப்ராக்டிகல் எக்ஸாம்ல அந்த லிஸ்ட்ல இருக்கற ப்ரோக்ராம்தான சீட்டு குலுக்கி குடுக்கறாங்க, ஒப்பிச்சா மார்க் வந்துடுதே, பசங்க ஏன் என் பேச்ச கேக்கணும்?

கிருஷ்ணகிரி_வாத்தி
எக்ஸாம நம்மளால மாத்த முடியாது, இன்டர்னல் மார்க் உங்க கையில இருக்குல்ல. மாடல் லேப்ல அதே லிஸ்ட் ப்ரோக்ராம குடுங்க, ஒரு லைன மட்டும் தப்பா மாத்தி பிரிண்ட் எடுத்து குடுத்து எங்க தப்பு, என்ன அவுட்புட் வரும்னு கேளுங்க. ஃபார் லூப் லைன் முடிவுல ஒரு செமிகோலன் போட்டு வச்சீங்கன்னா போதும், 1ல இருந்து 5 வரைக்கும் வரவேண்டியது 6ன்னு ஒரே ஒரு தடவ வரும். கேள்வித்தாள் வேணும்னா இன்பாக்ஸ்ல வாங்க மேடம், என்கிட்ட ஒரு செட்டு டைப் பண்ணியே இருக்கு.

ஓசூர்_கோடர்
சார் அந்த செட்டு எனக்கும் ஒண்ணு அனுப்புங்க, எங்க கம்பெனி ஃப்ரெஷர் இன்டர்வியூக்கு ஆகும் 😄