மறு: விமானச் சரக்கு ஏற்றும் பெட்டி, பேலட் – என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

விமானத்தில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர், பேலட் இரண்டையும் சேர்த்து யூ.எல்.டி. (Unit Load Device) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் அண்ணன் ஒருவர் முன்வைத்த 'வான்பெட்டி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யூ.எல்.டி. என்பதில் பாதி பெட்டியே இல்லையே. வளைகுடாவில் விமானச் சரக்குக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியவன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பேலட் என்பது ஒரு அலுமினியத் தகடு. அதிகம் புழங்கும் ஒரு வகை 318 செ.மீ. நீளம், 244 செ.மீ. அகலம். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் தூக்கும் மரப் பேலட் வேறு, இது வேறு. தகட்டின் மேல் பாலித்தீன் விரித்து, நண்டும் கணவாயும் வரும் தெர்மாகோல் பெட்டிகளை ஓரம் தாண்டாமல் அடுக்கி, மேலே வலையைப் போர்த்தி, விளிம்புக் காடியில் கொக்கிகளை மாட்டி இறுக்குவார்கள். நம் ஆட்கள் இதைப் 'பேலட் கட்டுறது' என்பார்கள். 'சரக்குப் பலகை' இதற்கு ஒட்டாது. பலகை என்றாலே மரம்தான். தட்டு என்பதே சரி.

கன்டெய்னருக்குக் 'கொள்கலன்' போதும் என்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தின் 20 அடி இரும்புப் பெட்டி அந்தச் சொல்லை எப்போதோ பிடித்துக்கொண்டது. விமானத்தின் அடிவயிற்றில் ஏறும் எல்.டி.-3 என்ற வகைக் கன்டெய்னரின் உயரம் 163 செ.மீ.தான், சரக்கோடு சேர்த்து 1,588 கிலோ வரை. விமானத்தின் வயிறு வளைந்திருப்பதால் பெட்டியின் ஒரு பக்கக் கீழ்மூலை சாய்வாக இருக்கும். வல்லத்தின் (படகின்) அணியத்தில், அதாவது முன்பகுதியில், சதுரப் பெட்டியைத் திணித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மதுரை விமான நிலையத்தில் இப்படி எதையும் பார்த்ததில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பயணிகள் போகும் ஏ.டி.ஆர்., போயிங் 737 விமானங்களில் இந்தப் பெட்டியோ தட்டோ ஏறாது, சரக்கைக் கையால்தான் அடுக்குவார்கள்.

சரி, பெட்டிக்கும் தட்டுக்கும் பொது என்ன? இரண்டையும் வெளியிலேயே நிரப்பி, எடை போட்டு, எண்ணோடு பட்டியலில் ஏற்றி, உருளைகள் மேல் தள்ளிக்கொண்டுபோய் விமானத் தரையின் பூட்டுகளில் மாட்டிவிடலாம். நூறு பொட்டலம் ஒரே சுமையாகிவிடுகிறது. அதனால் பொதுப்பெயர் 'ஏற்றலகு'. அதன்கீழ் 'ஏற்றுகலன்', 'ஏற்றுத்தட்டு' என்பது என் முன்மொழிவு. அலகு என்றால் பறவை மூக்குதானே என்று யாரும் குழம்பப் போவதில்லை.

'அட்டித்தட்டு' என்ற யோசனையும் வந்தது. மண்டியில் மூட்டை அடுக்குவதை அட்டி போடுவது என்பார்கள், நல்ல சொல். ஆனால் அட்டி அடுக்கிய பிறகு வருவது. வெறும் தகட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? 'அட்டி கட்டுதல்' என்று வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியிலும் தட்டிலும் அவற்றின் வகையைக் காட்ட எழுதியிருக்கும் ஏ.கே.இ., பி.எம்.சி. போன்ற குறியீடுகளைத் தொட வேண்டாம். உலகம் முழுக்க ஒரே எழுத்து இருந்தால்தான் பெட்டி ஊர் வந்து சேரும்.

அப்புறம், வலையைத் தட்டின் காடியில் மாட்டும் அந்தக் கொக்கிக்குப் பெயர் வேண்டும். மண்டபம், பாம்பன் பக்கத்து நண்பர்கள் வலைச்சாமான்களில் ஏதாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.